அமெரிக்காக்களின் பிரெஞ்சு எழுத்து: கிழக்கில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துவது எப்படி

அமெரிக்கா பற்றிய படிப்பு என்றதும் நம் மாணவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியவர்களோடு நின்றுவிடுகிறார்கள். கொஞ்சம் தேடல் உள்ளவர்கள் ஸ்பானிய மொழி நாவல்களைத் தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்திருப்பார்கள். அதே கண்டங்களில் நானூறு ஆண்டுக்கு மேலாகப் பிரெஞ்சும் பேசப்படுகிறது, எழுதப்படுகிறது. ஹெய்ட்டி, மார்த்தினிக், குவாதலூப், பிரெஞ்சு கயானா, கனடாவின் கியூபெக், கனடாவின் அட்லாண்டிக் கரையிலுள்ள அக்காடியா, ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா என்று அது பரந்து கிடக்கிறது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிப்பவர்களுக்கும், மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வாசிப்பு வட்டம் நடத்துபவர்களுக்கும் இந்த இலக்கியத்துக்குள் நுழையும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த நூல்களைப் பிரான்சின் இலக்கியத்துக்குப் பின்னிணைப்பாக வாசித்தால் அவை வாய் திறக்காது. ஒவ்வொரு நூலையும் அது பிறந்த மண்ணின் தேதிகளோடு வாசிக்க வேண்டும். அச்சிலுள்ள பிரெஞ்சுக்கு அடியில் கேட்கும் பேச்சுமொழியைக் காதால் பிடிக்க வேண்டும். கீழே சொல்லும் ஒழுங்கு முழுவதும் இந்த இரண்டையும் பழக்குவதற்காகத்தான்.

முதல் சந்திப்பு: ஒரு பெரிய தாளும் சில ஆண்டுகளும்

முதல் சனிக்கிழமை எந்த நூலையும் திறக்க வேண்டாம். சுவரில் ஒட்டும் அளவுக்கு ஒரு தாளில் வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தையும் கரிபியன் தீவுகளையும் கையால் வரையுங்கள். அச்சிட்ட வரைபடம் வாங்கி ஒட்டினால் யாருக்கும் மனதில் நிற்காது. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளை மட்டும் எழுதுங்கள்.

ஹெய்ட்டிக்கு 1791, 1804, 1825. அடிமைகள் கிளர்ந்தது முதலாவது. விடுதலை பெற்றது இரண்டாவது. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. பறிபோன தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் ஈடாக 15 கோடி பிராங் தரவேண்டும் என்று பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி மிரட்டி ஒப்பந்தம் வாங்கிய ஆண்டு அது. 1838இல் தொகை 9 கோடியாகக் குறைந்தது. ஆனாலும் கடன்மேல் கடன் வாங்கிக் கட்டிய அந்தச் சுமை 20ஆம் நூற்றாண்டுக்குள்ளும் நீண்டது. ஹெய்ட்டிய நாவலில் வறுமையைக் காணும்போதெல்லாம் இந்த ஆண்டு சுவரில் இருக்க வேண்டும்.

மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் 1635, 1848, 1946: குடியேற்றம், அடிமை முறை ஒழிப்பு, பிரான்சின் மாவட்டமாக இணைப்பு. கியூபெக்குக்கு 1608, 1759, 1763, 1960, 1977: நகரம் எழுந்தது, ஆங்கிலேயரிடம் தோற்றது, பாரிஸ் உடன்படிக்கையில் கைமாறியது, திருச்சபையின் பிடி தளர்ந்து சமூகம் நவீனமான 'அமைதிப் புரட்சி' தொடங்கியது, பிரெஞ்சு மொழிச் சாசனம் சட்டமானது. அக்காடியாவுக்கு 1755: ஆங்கிலேயர் அங்கிருந்த பிரெஞ்சுக் குடியானவர்களைக் கப்பல்களில் ஏற்றி நாடுகடத்தத் தொடங்கினார்கள். லூசியானாவுக்கு 1803உம் 1921உம்: முதலாவதில் நெப்போலியன் அந்த நிலத்தை அமெரிக்காவுக்கு விற்றார், இரண்டாவதில் மாநில அரசியலமைப்பு பள்ளிக்கூடங்களைவிட்டுப் பிரெஞ்சைத் துரத்தியது.

தாள் முடிந்ததும் பொதுவாக நடக்கும் பிழை ஒன்று தானாகவே கண்ணில் படும். 'பின்காலனிய இலக்கியம்' என்ற ஒரே பெயரை எல்லாவற்றுக்கும் போட முடியாது. ஹெய்ட்டி 1804இலேயே விடுதலை பெற்றுவிட்டது. மார்த்தினிக் இன்றும் பிரான்சின் பகுதி. அங்கே புழங்கும் பணம் யூரோ. கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர் தாமே பழங்குடிகளின் நிலத்தில் குடியேறியவர்கள், பிறகு தாமும் ஆளப்பட்டவர்கள். மூன்றும் மூன்று கதை.

யார் எந்த மொழியில் வாசிப்பது

எட்டுப் பேர் என்றால் வசதி. பன்னிரண்டுக்கு மேல் போனால் பாதிப்பேர் வாசிக்காமல் வந்து தலையாட்டத் தொடங்குவார்கள். எட்டுப் பேரில் குறைந்தது இருவர் பிரெஞ்சு மூலத்தை வைத்திருக்க வேண்டும். உயர்தரத்தில் பிரெஞ்சு எடுத்தவரோ, களனியில் அம்மொழி படித்தவரோ, பாரிசில் சில காலம் இருந்து திரும்பியவரோ போதும். அவர்கள் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. ஐயம் வருமிடத்தில் மூலத்தை உரக்க வாசித்துக் காட்டினால் சரி. மற்றவர்கள் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசிக்கட்டும். பேச்சு மட்டும் கண்டிப்பாகத் தமிழில் நடக்கட்டும். ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த இருவர் மட்டுமே பேசும் கூட்டமாகிவிடும்.

வேகம்: மூலத்தில் வாசிப்பவர் ஆங்கிலத்தில் வாசிப்பவரைவிட மெதுவாகத்தான் போவார். இரு தரப்பும் ஒரே அத்தியாயத்தில் நிற்க வேண்டும் என்பதால் மூலக்காரரின் வேகத்துக்குத்தான் அட்டவணை போடவேண்டும். மற்றவர்களுக்கு மிஞ்சும் நேரத்தில் அதே பகுதியை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லுங்கள்.

காலம் பார்ப்பது முக்கியம். மாரியில் வெள்ளம் வந்தால் போக்குவரத்தே நிற்கும். பெரும்போக அறுவடையில் அம்பாறைப் பக்கத்து ஆட்கள் வரமாட்டார்கள். சித்திரைப் புத்தாண்டு கழிந்து தொடங்கி புரட்டாதி நடுப்பகுதியில் முடித்தால் ஏறத்தாழ 24 சனிக்கிழமை கிடைக்கும். வைகாசியில் கண்ணகி குளிர்த்திக்கு ஒன்று, ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஒன்று என்று இரண்டை விட்டுவிடுங்கள். மிச்சம் 22. சுவர்த் தாளுக்கு 1, ரூமேனுக்கு 5, செசேருக்கு 4, கொந்தேக்கு 5, சிறு பகுதிகளுக்கு 1, திராம்பிளேக்கு 3, லாஃபெரியேருக்கு 3 (இவர்கள் யார், எந்த நூல் என்பது கீழே வரும்). சந்திப்பு இரண்டு மணித்தியாலம்: அதில் அரை மணித்தியாலம் உரத்த வாசிப்பு, ஒரு மணித்தியாலம் பேச்சு, கடைசி அரை மணித்தியாலத்தில் அவரவர் கொப்பியில் ஒரு பக்கம் எழுத வேண்டும். இந்த எழுத்தை விட்டுவிட்ட வட்டங்கள் கட்டுரை எழுதும் கட்டத்தில் வெறுங்கையோடு நிற்கும்.

ரூமேனிலிருந்து தொடங்குங்கள்

கால ஒழுங்கு பார்த்துக் கனடாவுக்கு வந்த முதல் மாலுமிகளின் பயணக் குறிப்பிலிருந்து தொடங்குவது பாடத்திட்ட வழக்கம். அப்படித் தொடங்கினால் மூன்றாம் கிழமையில் ஆள் குறையும். ஹெய்ட்டியின் ழாக் ரூமேன் எழுதிய 'பனியின் ஆட்சியாளர்' என்ற நாவல்தான் சரியான வாசல். இருநூறு பக்கமளவில் அடங்கும், மொழி தெளிவானது. ரூமேன் 1934இல் ஹெய்ட்டியின் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர், 1941இல் இனவியல் பணியகம் அமைத்தவர். 1944 ஆகஸ்டில் அவர் இறந்தபின் அதே ஆண்டில் நாவல் வெளியானது. 1947இல் லாங்ஸ்டன் ஹியூஸும் மேர்சர் குக்கும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது.

கதை நம் வயல்வெளிக்காரருக்கு விளக்கம் கேட்காமல் புரியும். போன்-ரூஜ் என்ற ஊர் வரட்சியில் காய்கிறது. கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் பதினைந்து ஆண்டு உழைத்துவிட்டு மனுவெல் ஊர் திரும்புகிறான். மழை வராததற்குத் தெய்வம் காரணமல்ல, மலையில் மரம் வெட்டியதுதான் காரணம் என்கிறான். தேடி ஓர் ஊற்றைக் கண்டுபிடிக்கிறான். ஆனால் ஊர், காணிப் பங்கீட்டில் விழுந்த கொலையால் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இரு தரப்பும் சேர்ந்து வெட்டினாலன்றி வாய்க்கால் வராது. உன்னிச்சை, நவகிரி நீரில் செய்கை பண்ணும் குடும்பத்திலிருந்து வருபவருக்கும், கல்லோயாத் திட்டத்து வாய்க்காலின் கடைமடையில் காணி வைத்திருப்பவருக்கும் இந்த முடிச்சின் இறுக்கம் தெரியும். வட்டவிதானையிடம் தண்ணீர்ப் பிணக்குகள் எப்படி வருகின்றன என்று முதல் கிழமையில் ஒருவர் ஐந்து நிமிடம் சொல்லட்டும். அதற்குமேல் வேண்டாம், நாவல் நம் ஊரைப் பற்றியதல்ல.

கூட்டு உழைப்புக் காட்சியை உரக்க வாசியுங்கள். கும்பித் என்று அங்கே சொல்வார்கள்: வரிசையாக நின்று மண்வெட்டி வீச, முன்னால் ஒருவன் மேளம் தட்டிப் பாட, பாட்டின் தாளத்துக்கு மண்வெட்டி இறங்கும். அந்தப் பாட்டுக்காரன் சிமிதோர். நாவலில் அந்தப் பாத்திரத்தின் பெயர் அந்துவான். களத்துமேட்டில் பொலி பாடக் கேட்ட முதியவர் யாரும் வட்டத்தில் இருந்தால் அந்தப் பக்கங்களை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். தாளம் எங்கே விழுகிறது என்று அவருக்குத்தான் உடனே தெரியும்.

மூலம் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு பள்ளத்தில் விழுவார்கள். முதல் பக்கத்தில் மனுவெலின் தாய் தெலிரா புழுதிக்குள் கையை விட்டு, எல்லாரும் செத்துப்போவோம் என்று புலம்புகிறாள்: மிருகம், செடி, பிறகு 'உயிரோடுள்ள கிறிஸ்தவர்'. அகராதிப்படி எடுத்தால் அவள் ஒரு மதத்தாரைப் பற்றிப் பேசுவதாகிவிடும். ஹெய்ட்டிய கிரெயோல் (பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து தீவில் பிறந்த மொழி) பேச்சில் அது மனிதர்கள் என்பதற்கான சாதாரணச் சொல். ரூமேன் பிரெஞ்சு எழுத்துக்குள் கிரெயோலை இப்படித்தான் ஓடவிடுகிறார். நூல் முழுவதும் இது நடக்கும். ஆகவே பிரெஞ்சில் பொருந்தாமல் நிற்கும் ஒவ்வொரு சொற்றொடரையும் பென்சிலால் கோடிட்டு, ஹெய்ட்டிய கிரெயோல் அகராதியிலும் ஒருமுறை பாருங்கள். மார்த்தினிக் கிரெயோல் அகராதி இதற்கு உதவாது. இரண்டும் உறவுள்ள வேறு மொழிகள்.

ஐந்தாம் கிழமை ஒரு கேள்வியோடு முடியட்டும். குத்துப்பட்டு இறக்கும் மனுவெல், கொன்றவன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று தாயிடம் கேட்கிறான். ஏன்? தண்ணீருக்காகக் கொடுத்த பலி என்று சிலர் வாசிப்பார்கள், அரசியல் கணிப்பு என்று சிலர் வாசிப்பார்கள். ரூமேன், ஆப்பிரிக்க வேருள்ள வூது என்ற நாட்டுவழிபாட்டை அழிக்கத் திருச்சபை 1941–42இல் நடத்திய இயக்கத்தை எதிர்த்து எழுதியவர் என்பதையும் மார்க்சியர் என்பதையும் சேர்த்து மேசையில் வையுங்கள். இரண்டு வாசிப்பும் ஒன்றையொன்று தள்ளாமல் நிற்கும்.

செசேர்: எந்தப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள்

மார்த்தினிக் கவிஞர் எமே செசேரின் 'பிறந்த மண்ணுக்குத் திரும்பும் குறிப்பேடு' நெடுங்கவிதையில் வட்டங்கள் உடைவதற்குக் காரணம் கடினம் மட்டுமல்ல, ஆளுக்கொரு பதிப்பு வைத்திருப்பதும்தான். கவிதை முதலில் 1939 ஆகஸ்டில் ஒரு பாரிஸ் சஞ்சிகையில் வந்தது. 1947இல் நியூயோர்க்கில் ஒன்றும் பாரிசில் ஒன்றுமாக இரு வேறு வடிவங்கள் வந்தன. இன்று பரவலாகக் கிடைப்பது 1956இல் பிரெசான்ஸ் அப்பிரிக்கேன் வெளியிட்டதை அடியொற்றியது. வடிவங்களுக்கிடையில் முழுப் பத்திகளே சேர்ந்திருக்கின்றன, நீங்கியிருக்கின்றன. ஆங்கிலத்தில் எஷல்மன், அனெற் ஸ்மித் இணைந்து செய்தது 1956 வடிவத்தைச் சார்ந்தது; அதே எஷல்மன் பிறகு ஆர்னல்டோடு சேர்ந்து 1939 வடிவத்தைத் தனியாக மொழிபெயர்த்தார். எல்லாரும் 1956ஐ எடுங்கள். ஒருவர் மட்டும் 1939ஐ எடுத்து வேறுபாடுகளைச் சொல்லட்டும். செசேரைக் கட்சிக் கவிஞராக மட்டும் பார்ப்பவர்களுக்கு 1939 வடிவம் நல்ல மருந்து.

வாசிக்கும் முறை: முதல் கிழமையில் பொருள் தேடக் கூடாது. ஒருவர் மாற்றி ஒருவர் உரக்க வாசித்து முடியுங்கள். 'விடியலின் முடிவில்' என்று திரும்பத் திரும்ப வரும் அடி எங்கே வருகிறது, எங்கே காணாமல் போகிறது என்று மட்டும் ஓரத்தில் குறியுங்கள். அந்தக் குறிகளே கவிதையின் எலும்புக்கூட்டைக் காட்டிவிடும்: முதலில் சிதைந்து கிடக்கும் தீவு நகரம், பிறகு திரும்பி வருபவனின் வீறாப்பு, பிறகு டிராம் வண்டியில் ஒரு வறிய கறுப்பரைப் பார்த்துத் தானும் எள்ளிச் சிரித்த வெட்கம், அதிலிருந்து எழும் வேறொரு பெருமிதம். டிராம் காட்சியை இரண்டாம் கிழமைக்கு முழுதாக வையுங்கள். மற்றவர்களைப் பேசவந்த கவிஞன் தன் கோழைத்தனத்தைக் கண்ணெதிரே வைக்கும் இடம் அது. கவிதையின் நடுநரம்பு அங்கேதான்.

சொற்களஞ்சியம் எல்லாரையும் வருத்தும். தாவரப் பெயர், மருத்துவச் சொல், கடற்சொல் எல்லாம் கலந்து வரும். பிரான்சில் பிறந்தவருக்கும் அகராதி வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் தேடாதீர்கள்.

இங்கே ஒரு வரலாற்றுக் கேள்வி கட்டாயம் எழவேண்டும். குடியேற்ற ஆட்சியை இவ்வளவு கடுமையாகச் சாடியவர்தான் 1946இல் மார்த்தினிக்கைப் பிரான்சின் மாவட்டமாக்கும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்வைத்தவர்; 1945 முதல் 2001 வரை போர்-து-பிரான்சின் மேயராக இருந்தவர். இதை முரண் என்று ஒரு சொல்லில் முடித்துவிட வேண்டாம். கரும்புத் தோட்ட முதலாளிகளின் பிடியிலிருந்து தொழிலாளியை விடுவிக்கப் பிரான்சின் சமூகப் பாதுகாப்புச் சட்டங்கள் உதவும் என்ற கணக்கு அன்று இருந்தது. அந்தக் கணக்கு எங்கே பிழைத்தது என்பதைத்தான் அடுத்த தலைமுறை மார்த்தினிக் எழுத்தாளர் எதுவார் கிளிசான் 1981இல் வெளியான, அந்தில் (கரிபியன்) தீவுகள் பற்றிய பெருநூலில் விசாரிக்கிறார்.

கண்டல் காட்டைக் கடப்பது

மரீஸ் கொந்தே 1989இல் எழுதிய 'கண்டல் காட்டைக் கடத்தல்' குவாதலூப்பின் ஒரு சிற்றூரில் ஓர் இரவில் நடக்கிறது. வெளியூரான் பிரான்சிஸ் சான்சே இறந்துகிடக்கிறான். ஊரார் பிரேதத்தைச் சுற்றி விழித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு அத்தியாயமாக அவரவர் மனம் திறக்கிறது. அவரவர் சொல்வதைக் கூட்டிப் பார்த்தாலும் இறந்தவன் யார் என்பது பிடிபடாது. ஆனால் ஊர் யாரென்பது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் கொந்தேயின் கணவர் ரிச்சர்ட் பில்கொக்ஸ் மொழிபெயர்த்திருக்கிறார்.

இங்கே ஒரு சிறு அட்டவணை போடுவது பெரிய பயன் தரும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரி: தோல்நிறம் அல்லது வம்சம், தொழில், அவர் 'நான்' என்று பேசுகிறாரா அல்லது கதைசொல்லி அவரைப் பற்றிப் பேசுகிறாரா. அட்டவணை நிரம்பியதும் யாருக்குத் தன் குரல் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். பெண்கள் பக்கம் 'நான்' அதிகம் சேர்ந்திருப்பது தெரியும். வட்டத்தின் மிகச் சூடான பேச்சு இதிலிருந்துதான் வரும்.

ராம்சரன் என்ற இந்திய வம்சாவளிக் குடும்பமும் அந்த ஊரில் இருக்கிறது. அவர்களை எப்படி வைத்து வாசிப்பது? 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியத் தொழிலாளரோடு மார்த்தினிக்கை அடைந்தது. 1854 டிசம்பரில் அதே பெயருள்ள கப்பல் குவாதலூப்பை அடைந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் முக்கியத் துறைமுகங்கள்; ஏறியவர்களில் தமிழர் பெருந்தொகை. ஐந்தாண்டு ஒப்பந்தம். 1880களின் இறுதிக்குள் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் போனார்கள். வாக்குரிமையும் குடியுரிமையும் அவர்களின் பிள்ளைகளுக்கும் மறுக்கப்பட, ஹென்றி சிதம்பரம் 1904இல் வழக்காடத் தொடங்கினார்; 1923இல்தான் வழி பிறந்தது. குவாதலூப்பின் கபெஸ்தேரில் இன்றும் மாரியம்மனை வழிபடுகிறார்கள்.

இந்த இடம் நமக்கு இனிப்பானது என்பதாலேயே கவனம் வேண்டும். ஒரு வட்டம் தமிழ்ச் சுவடு தேடுவதில் இறங்கிவிட்டால் அந்தத் தீவின் பெரும்பான்மை மக்களின் கதை பின்னால் போய்விடும். வந்திறங்கிய கூலிகளை முதலாளிகள் விடுதலை பெற்ற கறுப்பரின் கூலியைக் குறைக்கவும் பயன்படுத்தினார்கள். அந்தப் பழைய பகையையும் நாவல் காட்டுகிறது. இந்தியக் கூலிகளையே நடுவில் வைத்து எழுதிய நாவல் வேண்டுமானால் மார்த்தினிக்கின் ரஃபாயேல் கொன்ஃபியான் 2004இல் எழுதியது இருக்கிறது. அதைப் பிறகு தனியாக எடுக்கலாம்.

தலைப்பின் பொருளைக் கேட்டு நேரம் செலவழிக்க வேண்டாம். வாவிக்கரையில் கண்டல் வேருக்குள் கால் வைத்துப் பார்த்தவருக்குத் தெரியும். ராம்சரன் வீட்டுப் பெண் வில்மாதான் நாவலுக்குள் அதைச் சொல்கிறாள்: கண்டலைக் கடக்க முடியாது, வேரில் குத்துப்பட்டுச் சேற்றில் மூச்சடைத்துப் போவாய் என்று.

சிறு பகுதிகளுக்கான ஒரு நாள்

அக்காடியாவையும் லூசியானாவையும் பழங்குடி எழுத்தையும் ஒரே சனிக்கிழமையில் தொட்டுப் போகலாம். அந்தோனின் மாயே 1979இல் கொன்கூர் பரிசு பெற்ற நாவலில், நாடுகடத்தப்பட்ட பெலாஜி என்ற விதவை மாட்டுவண்டியில் தன் மக்களைத் தெற்கிலிருந்து ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோகிறாள். முதல் அத்தியாயம் போதும். லூசியானாவுக்கு, நியூ ஓர்லியன்சில் அடிமைகளாக இல்லாத கறுப்பினத்தார் 1845இல் பிரெஞ்சில் வெளியிட்ட கவிதைத் தொகுப்பிலிருந்து ஒரு கவிதை. ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பினக் கவிஞர் பலரின் கவிதைகளைத் திரட்டிய முதல் தொகுப்பு பிரெஞ்சில்தான் வந்தது. பழங்குடி எழுத்துக்கு, இன்னு என்ற கியூபெக் பழங்குடியைச் சேர்ந்த பெண் ஆன் அந்தான் கபேஷ் 1976இல் தன் மொழியிலும் பிரெஞ்சிலுமாக வெளியிட்ட நூல், அல்லது ழொசெஃபின் பாக்கோனின் இருமொழிக் கவிதைகள். கியூபெக் நாடகத்துக்குள் நுழையும் முன் இதை வாசிப்பது நல்லது. பிரெஞ்சுக்காரரும் ஒருவர் நிலத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் என்பது நினைவில் நிற்கும்.

கியூபெக்: சமையலறையில் பதினைந்து பெண்கள்

மிஷெல் திராம்பிளேயின் 'பெல்-சேர்' (மைத்துனிகள்) நாடகம் 1968 ஆகஸ்டில் மொன்றியலில் மேடையேறியது. ஜெர்மேன் லோசோன் என்ற தொழிலாளிக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பரிசாகப் பத்து லட்சம் கடை முத்திரைகள் கிடைக்கின்றன. அவற்றைப் புத்தகங்களில் ஒட்டினால் வீட்டுப் பொருள் வாங்கலாம். ஒட்டித்தர உறவுக்காரியையும் அயலட்டையையும் கூப்பிடுகிறாள். பதினைந்து பெண்கள். ஒட்டிக்கொண்டே பேசுகிறார்கள், பேசிக்கொண்டே முத்திரைகளைக் கைப்பைக்குள் ஒளிக்கிறார்கள்.

அன்று எழுந்த சண்டை கதையைப் பற்றியதல்ல. மொன்றியலின் கிழக்குப் பகுதித் தொழிலாளர் பேசும் ழுவால் பேச்சை அப்படியே மேடையில் வைத்ததுதான் குற்றம். 1972இல் நாடகம் பாரிசுக்குப் போக அரசு மானியம் மறுக்கப்பட்டது. மறு ஆண்டு போனது, கொண்டாடப்பட்டது. ஆங்கிலத்தில் வாசிக்கும்போது இந்தக் காரம் வற்றிவிடும். ஸ்கொட்லாந்துப் பேச்சுமொழியில் வந்த மொழிபெயர்ப்பு பெரிதும் எடுபட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே வட்டத்துக்கு வேலை இது: இரண்டு பக்கத்தை மட்டக்களப்புப் பேச்சில் எழுதி நடித்துப் பாருங்கள். 'மறுகா', 'என்னகா', 'இஞ்ச' எல்லாம் வரட்டும். காத்தான்குடி, கல்முனைப் பெண்கள் வட்டத்தில் இருந்தால் அவர்களின் பேச்சில் இன்னொரு வடிவம் எழுதட்டும். எங்கே பிழைக்கும் என்றால், பேச்சுமொழி என்றதும் நகைச்சுவையாக்கிவிடுவார்கள். மூலத்தில் அந்தப் பெண்கள் சிரிப்புக்குரியவர்கள் அல்லர். ஒரே மாதிரிக் கிழமைநாட்களை எண்ணி எண்ணிச் சலித்துக் கூட்டாக ஒப்பிக்கும் இடத்தில் அரங்கம் உறைந்துபோகும். அந்தக் கூட்டுப் பகுதியைக் கூத்தின் பிற்பாட்டு மாதிரிக் கட்டாக, ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். சரியான தாளம் விழுந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

கியூபெக்கின் முந்தைய நாவல்களில் ஒன்றை மட்டும் பக்கத்தில் வைக்க நேரமிருந்தால் கப்ரியெல் ருவா 1945இல் மொன்றியலின் சேன்-ஆன்ரி வறியோர் குடியிருப்பைப் பற்றி எழுதியதை எடுங்கள். வயலும் திருச்சபையுமாக இருந்த நாவல் நகரத்துக்கு இறங்கிய இடம் அது.

கடைசியாக லாஃபெரியேர்

தனி லாஃபெரியேர் 1976இல் ஹெய்ட்டியிலிருந்து மொன்றியலுக்கு ஓடிவந்தவர். 2013இல் பிரெஞ்சுக் கழகத்துக்கு (அக்கடமி பிரான்செஸ்) தெரிவானவர். 2009இல் வந்து மெதிசி பரிசு பெற்ற 'திரும்புதலின் புதிர்' அரை கவிதை, அரை உரைநடை. நியூயோர்க்கில் தந்தை இறந்த செய்தி வருகிறது. மகன் ஹெய்ட்டி திரும்புகிறான். கையில் செசேரின் குறிப்பேடு. இவ்வளவு வாசித்து வந்தவர்களுக்கு எல்லா நூல்களும் இங்கே ஒன்றுகூடும். வாசிக்க எளிது, அதனாலேயே ஓடிவிடுவார்கள். செசேரை அவர் எங்கே நினைக்கிறார், எங்கே விலகுகிறார் என்று பக்க எண்ணோடு குறித்துக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

நூல்களுக்கு வழி

ரூமேன் இறந்து 70 ஆண்டு கடந்துவிட்டதால் மூலத்துக்கு இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை இல்லை, பிரதி எடுக்கலாம். ஹியூஸின் ஆங்கிலத்துக்கு அது பொருந்தாது, அவர் இறந்தது 1967. செசேர், கொந்தே, திராம்பிளே, லாஃபெரியேர் எல்லாருக்கும் உரிமை உண்டு. விலைக்கு வாங்க வேண்டும். பாரிசிலோ மொன்றியலிலோ உள்ள சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது பழைய சட்டைப்பைப் பதிப்புகளைக் கொண்டுவரச் சொல்வதுதான் மலிவு. பட்டியலை நூற்பெயரோடு மட்டும் அனுப்பாதீர்கள். பதிப்பகத்தையும் எழுதுங்கள்: கொந்தேக்குக் கலிமார் போலியோ, செசேருக்குப் பிரெசான்ஸ் அப்பிரிக்கேன், திராம்பிளேக்கு லெமெயாக். லாஃபெரியேருக்குப் பாரிசில் கிராசே, மொன்றியலில் போரெயால். பக்க எண் மாறும், எல்லாரும் ஒன்றையே எடுங்கள்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு மொன்றியலின் 'எருதி' (Érudit) தளமே முதல் இடம். கியூபெக் சஞ்சிகைகளின் பழைய இதழ்கள் பெரும்பாலும் இலவசம். தீவு எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்புக்கும் குரற்பதிவுக்கும் 'இல் ஆன் இல்' (Île en île) தளம். பழைய அச்சுக்கு பிரான்சின் தேசிய நூலகத்துக் 'காலிக்கா'. ஆங்கிலத் தலைப்பில் தேடினால் பாதிதான் கிடைக்கும், பிரெஞ்சுத் தலைப்பில் தேடுங்கள். மழைக்கு மின்சாரமும் இணையமும் போகும் ஊர். வேண்டியதை முன்கூட்டியே இறக்கி வட்ஸ்அப் குழுவில் போட்டுவையுங்கள்.

கட்டுரை எழுதுபவருக்கு

'கரிபியன் இலக்கியத்தில் அடையாளம்' மாதிரித் தலைப்பு எடுத்தால் எழுதி முடியாது. இரண்டு நூல், ஒரு காட்சிவகை, ஒரு கேள்வி என்று சுருக்குங்கள்: ரூமேனிலும் கொந்தேயிலும் இறந்தவரைச் சுற்றி ஊர் கூடும் இரவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது ஓர் இளங்கலை ஆய்வுக்குப் போதும். மேற்கோளுக்கு மூலத்தின் முதல் ஆண்டு, நீங்கள் பயன்படுத்திய பதிப்பின் ஆண்டு, மொழிபெயர்த்தவர் பெயர் மூன்றும் வரவேண்டும். மொழிபெயர்த்தவர் பெயரை விட்டுவிடுவதுதான் நம்மவர் கட்டுரைகளில் அடிக்கடி காணும் குறை. கிளிசானின் கருத்துகளை எடுத்தாளும்போது அவற்றை முதலில் அவர் தீவில் வைத்து விளக்குங்கள். தோட்டம், கப்பலின் அடித்தளம், கிரெயோல் பேச்சு இல்லாமல் 'உறவு' (பண்பாடுகள் ஒன்றையொன்று தொட்டு மாறுவது), 'ஒளிபுகாமை' (பிறரால் முழுதாக ஊடுருவிப் பார்க்க முடியாதிருக்கும் உரிமை) என்ற சொற்கள் மட்டும் வந்தால் தேர்வாளர் சரியாகவே புள்ளி குறைப்பார். மூலத்திலிருந்து தமிழில் நீங்களே பெயர்த்த வரிகளுக்கு அடியில் 'மொழிபெயர்ப்பு என்னுடையது' என்று எழுதி, பிரெஞ்சு தெரிந்த இன்னொருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கையளியுங்கள்.